சேற்றில் இழுத்த எருமைக்கடாக்கள்

மச்சான், நாலு நாளாக விடாத மழை. படப்பின் அடிவைக்கோல் நனைந்து புளித்த வாடை வீட்டுக்குள் வரை வருகிறது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இந்த வாடை வந்தால் எனக்கு உன் நினைப்பும் நான் சொன்ன பொய்யும் சேர்ந்துதான் வருகின்றன.

உன் மகன் தொட்டிலில் கிடந்த வருஷம். சித்திரை மாட்டுத்தாவணிக்கு மாடு பிடிக்க நாம் இருவரும் போனோம். மழைக்காலத்தில் மாடுகளுக்கு வைக்கோல் ஏற்றிப்போக எனக்கு ஒரு ஜோடி வண்டிமாடு வேண்டியிருந்தது. எருமைக்கடா வாங்கு என்றாய். நம் கண்மாய்ச் சேற்றுக்கு அகலக் குளம்புதான் ஆகும், காளை நிற்காது என்று தரகன் எதிரிலேயே சொன்னாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எமன் வாகனத்தை வாசலில் கட்டினால் ஊர் சிரிக்காதா? திமில் எடுப்பான இரண்டு வெள்ளைக் காளைகளை ஓட்டி வந்தேன். நீ இரண்டு கடாக்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாய்.

ஐப்பசியில் கண்மாய் உடைந்தது. தொழுவில் தண்ணீர் ஏறியதால் என் மாடுகளைக் கீழக்குயில்குடி மலையடி மேட்டில் கட்டினேன். படப்போ இந்தப் பக்கம் களத்தில். நடுவே அரை மைல் சேறு. வண்டி அச்சுவரை இறங்கியது. காளைகள் முன்னங்கால் மடிந்து விழுந்துவிட்டன. தலைச்சுமையாகக் கொண்டுபோன வைக்கோல் ஒரு வேளைக்குக்கூடப் பற்றவில்லை. இரண்டு நாள் பட்டினியில் சினைப்பசு படுத்துவிட்டது. வயிற்றுக் கன்றும் போய்விடும் என்று உன் தங்கை அழுதாள்.

நான் கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? நீயே கடாக்களை ஓட்டி வந்தாய்.

"மாப்ள, ரோசத்த அப்பறம் பாத்துக்கலாம். வைக்கோல ஏத்து."

வயிறு சேற்றில் உரச, அவசரமே இல்லாமல் அவை இழுத்துப் போயின. அன்று மட்டும் மூன்று நடை. மறுநாள் பசு எழுந்துவிட்டது.

அந்தச் சேற்றில் வைக்கோல் எப்படி மேட்டுக்குப் போனது என்று மழை விட்டபின் சாவடியில் விசாரித்தார்கள். என் காளைகள்தான் இழுத்தன என்று கூசாமல் சொன்னேன். நீ பக்கத்திலேயே வெற்றிலை மென்றுகொண்டு நின்றாய். பிறகு தனியாக இருக்கும்போதாவது நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அதுவும் இல்லை.

பட்டாளத்திலிருந்து திரும்பிய உன் மகன் நேற்று வந்தான். என் பழைய காளைகளைப் போல ஒரு ஜோடி வாங்கப்போகிறானாம். எனக்குப் பொறுக்கவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, எருமைக்கடாவே வாங்கு என்றேன். அவன் நம்பவில்லை.

"இல்ல மாமா, ஒங்க காளைகதான் இழுத்துச்சுன்னு அப்பாவே எங்கிட்டச் சொல்லிருக்காரு."

அந்தப் பொய் எனக்கு மட்டும்தான் பாரம் என்று இருந்தேன், மச்சான். பெற்ற பிள்ளையிடம்கூட நீ என்னை விட்டுக்கொடுக்கவில்லை.