கடலை உள்ளே விட்ட வாரம்

வேர்னெ, பெல்ஜியம்
12 நவம்பர் 1914

கனடாவில் இருக்கும் என் அன்பு மகன் ஓமெருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இரண்டு பசுக்களும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். சிடோனி சித்தி வீட்டு மாடியில் ஒண்டியிருக்கிறோம், அவள் தரும் காப்பியில் காப்பியைத் தவிர எல்லாம் இருக்கிறது.

சண்டை எப்படி நம் வாசலுக்கு வந்தது என்று கேட்டிருந்தாய். ஜூன் மாதம் எங்கோ போஸ்னியாவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுவிட்டார்கள் என்று பாதிரியார் பேப்பரைப் படித்துச் சொன்னபோது, "அதுக்கும் நம்ம பீட்ரூட் வயலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அப்பா சிரித்தார். ஒரு மாதம் கழித்து ஆஸ்திரியா செர்பியா மேல் பாய்ந்தது, செர்பியாவுக்காக ரஷ்யா எழுந்தது, ரஷ்யா மேல் ஜெர்மனி, அதோடு பிரான்ஸ் மேலும். பிரான்சுக்குப் போக உங்கள் நாட்டுக்குள் வழி விடுங்கள் என்றான் ஜெர்மன்காரன், முடியாது என்றோம். அவ்வளவுதான், ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு வந்தான், நமக்காக இங்கிலாந்தும் இறங்கியது. அக்டோபரில் நம் வயலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான், நாட்டில் மிச்சம் இந்த ஒரு மூலைதான்.

அப்போதுதான் நம் படை அதிகாரி ஒருவர் வந்து, ஜெர்மன்காரனைத் தடுக்க அப்பா பார்த்துக்கொள்ளும் மதகையும் திறந்து கடலை வயலுக்குள் விடச் சொன்னார். உனக்கென்று எழுதிவைத்த பதினைந்து ஏக்கர், வசந்தத்தில் வந்து உழப்போகிறேன் என்று நீ எழுதிய அதே நிலம். அப்பா மறுபேச்சில்லாமல் போனார், ஆனால் முப்பது வருடப் பழக்கம் விடுமா? கடல் ஏறும்போது மூடுவதும் இறங்கும்போது திறப்பதும்தானே அவர் வேலை, நீர் ஏறி வந்ததும் தன்னை அறியாமல் மதகை மூடிவிட்டார்! "நீ யாரு பக்கம்டா கிழவா?" என்று அதிகாரி கத்தியிருக்கிறார். "கை தானா மூடிடுச்சுங்க ஐயா" என்றாராம் இவர். மறுநாள் காலை நானே கூடப் போனேன், சுற்றிலும் குண்டு விழுகிறது, கடல் ஏறுகிறது, இவர் திறக்காமல் நிற்கிறார். "ஓமெரோட நிலம்டி" என்றார். "அவன் கேட்டா நான் சொல்லிக்கிறேன், தெறங்க" என்றேன். திறந்தார். இறங்கும்போது இருவருமாக மூடினோம். நாலைந்து நாளில் ஜெர்மன்காரன் இடுப்பளவு உப்புத் தண்ணீரில் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனான், நான் கைதட்டினேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்த உப்பு கழிய எத்தனை மழைக்காலம் ஆகுமோ தெரியாது. உன்னைக் கேட்காமல் செய்தேன், கேட்க நேரமில்லை, மன்னிப்பும் கேட்கப் போவதில்லை.

மாதா உன்னைக் காக்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்ப வழியில்லை, அங்கேயே வாங்கிக்கொள். அப்பா உனக்கு எழுதப் பேனாவை எடுக்கிறார், உன் பெயரை எழுதியதும் கீழே வைத்துவிடுகிறார். மறக்காமல் அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதில் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. கோபம் இருந்தால் எனக்கு எழுது, கடலை உள்ளே விட்டவள் நான்.

உன் அம்மா,
லியோனி