எதிர்க்கடையிலிருந்து வரும் கண்ணாடிகள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ நலம் என்று போனில் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன், மீதியை எழுத்தில் தெரிவி. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

நம் கண்ணாடிக் கடைக்கு எதிரே புதிதாக இன்னொரு மூக்குக்கண்ணாடிக் கடை வந்திருப்பதைச் சொல்லியிருந்தேன். அந்த ஆளுக்குத் தேன் தடவிய பேச்சு. முதல் நாளே வந்து, "அண்ணன் இருக்கிற தெருவுல கடை போட நான் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். அப்பாவுக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. பிறகு ஆட்களை நம்மிடம் அனுப்ப ஆரம்பித்தார். நீயாக இருந்தால் சந்தோஷப்படுவாய், நான் யாரை அனுப்புகிறார் என்று கவனித்தேன். ஒருவர்கூடப் புதுக் கண்ணாடி போட வரவில்லை. எல்லாம் திருகாணி கழன்றது, காதுக் கம்பி கோணியது, அதுவும் அவரே விற்ற சரக்கு. "உங்களுக்குத்தான் கைராசின்னு அவரே சொன்னாரு" என்று நீட்டுகிறார்கள். அப்பா குனிந்து இலவசமாக முடுக்கிக்கொண்டிருக்க, பவர் பார்க்க வந்த நம் பழைய வாடிக்கையாளர்கள் காத்திருந்து அலுத்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அங்கே ஏசி வேறு.

விலையைக் குறைக்கச் சொன்னாய். விலையில் அவரோடு மல்லுக்கு நின்றால் முதலில் மண்ணைக் கவ்வுவது நாம்தான். ரிப்பேர் மாலையில் மட்டும் என்று பலகை வைத்தேன். சரிசெய்த கண்ணாடி யார் விற்றதானாலும் நம் கடைப் பெயர் போட்ட கூட்டில் வைத்துக் கொடுக்கிறேன், அவருடைய வாடிக்கையாளர்கள் நம் பெயரைச் சட்டைப் பையில் சுமக்கிறார்கள். அவரைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. "அக்கா ரொம்பப் படிச்சவங்க" என்று என்னைப் பற்றி அவர் பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் சொன்னாராம். அது பாராட்டில்லை.

நேற்று அப்பா சாப்பிடப் போன நேரம் பார்த்து எதிர்க்கடைக்காரர் வந்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா, அண்ணனுக்குக் கை நடுங்குதாமே. இந்தக் கடைய மூடிட்டு நம்மகிட்டயே வந்து கௌரவமா உக்காரட்டும், நானே அண்ணன்கிட்டப் பேசறேன்" என்றார். மாதக் கடைசி வரை பேச வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். செய்தித்தாளைப் பிடித்திருக்கும்போது மட்டும் தெரிகிற நடுக்கம் அது, வேலையில் குனிந்தால் நின்றுவிடும், கடையில் யாரும் பார்த்ததில்லை. டாக்டரைத் தவிர உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். போன வாரம் நீ அவர் கடையில் கண் பார்க்கிற கம்ப்யூட்டர் மிஷினைப் பற்றிக் கேட்டாய், அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அப்பாவை மெல்ல விசாரித்தேன். "அவரு பையன் படிப்பு விஷயமாக் கேக்கணும்னாரு, அவ நம்பரக் குடுத்தேன், அதுக்கென்ன இப்போ?" என்கிறார்.

நீ எதிர்க்கடைக்காரரோடு பேசியதில் எனக்குக் கோபமில்லை. அப்பா ஓய்வெடுக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் ஏதாவது சொல்லியிருப்பாய். ஆனால் கடையை மூடச் சொன்னது அவருடைய யோசனையா, உன்னுடையதா? அவருடையது என்றால் நான் சமாளித்துக்கொள்வேன்.

வேளைக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, உனக்கு ஒரு குறையும் வராது. பதிலைக் கடை முகவரிக்கு என் பெயர் போட்டு எழுது. வீட்டுக்கு வரும் தபாலை அப்பாதான் பிரிக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா