பௌர்ணமி சேனல் இனி வராது

புதூர்நாடு,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சசிகலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை விஜயராஜும் குழந்தையும் மஸ்கட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, ஆனால் இந்த முறை அந்த வரியை எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் ஊரில் டவர் கிடைப்பது அப்பாவின் பழைய கேபிள் டிஷ் நிற்கிற பாறைமேல் மட்டும்தான், உனக்குத் தெரியும். அந்தப் பாறையில் இப்போது காலையிலிருந்து பொழுது சாயும்வரை உன் அப்பாதான் உட்கார்ந்திருக்கிறார். போனும் அவர் சட்டைப் பையில். நான் உன்னோடு பேச வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் வாயையே பார்க்கிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்ன பேச முடியும்? அதனால் அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ஜீப் ஓட்டுகிற மணிவேல் திருப்பத்தூர் இறங்கியதும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவான். படிக்காதே என்று சொல்லித்தான் கொடுப்பேன், ஆனாலும் படிப்பான். படிக்கட்டும், அவனுக்குத் தெரியாத விஷயம் இதில் ஒன்றும் இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் அப்பா டயாலிசிஸுக்குப் போவதை நிறுத்திவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை உன்னிடம், போய்ட்டு வந்தேன், இப்ப நல்லா கீது என்று சொன்னாரே, அது முழுப்பொய். மணிவேல் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்து அடித்துப் பார்க்கிறான், இவர் பாறையை விட்டு இறங்குவதில்லை. கடைசி முறை அப்பா உட்காரவேண்டிய இடத்தில் பலாப்பழ மூட்டையை ஏற்றிக்கொண்டு போனான். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன, விரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. முகம் காலையில் உப்பிவிடுகிறது. தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார்கள், யாரும் பார்க்காதபோது சொம்போடு கவிழ்த்துக்கொள்கிறார். பாறைமேல் ஏறும்போது நடுவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார், நான் கையைப் பிடித்தால் உதறுகிறார். சோற்றில் உப்பைக் குறைத்ததற்கு ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டார். அவர் என்றைக்கும் தட்டைத் தள்ளுகிற ஆள் இல்லை, அது உனக்கே தெரியும்.

ஏன் போகவில்லை என்று கேட்டால், எப்போதோ நின்றுபோன பௌர்ணமி சேனல் திரும்ப வரப்போகிறதாம். வரும் நேரத்தில் டிஷ்ஷைத் திருப்ப ஆள் வேண்டுமாம். இதைச் சொன்னது யார் என்று கேட்டால், பாப்பாதான் சொன்னாள் என்று உன்னைக் காட்டுகிறார். பாப்பா சொன்னால் அவருக்கு அதுதான் கெசட்டு. சசி, உன்மேல் கோபப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன், மறைக்கவில்லை. ஃபேஸ்புக்கில் அந்தக் காலத்து ஆட்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், சேனல் தொடங்கும்போது வருமே, அந்த நிலா எழும்பி வருகிற படமும் வீணை இசையும் போட்டிருக்கிறார்கள், கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். சேனல் திரும்ப வரப்போகிறது என்று அதில் ஒருவர் எழுதியிருக்கிறார் என்றும் சொன்னாய். எந்தப் பக்கம் திருப்பணும் என்று இவர் கேட்டார். அது உன் வேலை என்று நீ சிரித்தாய். நீ சொன்னது கம்ப்யூட்டரில் வருகிற சமாச்சாரமாகவோ யாரோ ஆசைக்கு எழுதியதாகவோ இருக்கும், எனக்கே புரிந்தது. அவர் ஆயுசு முழுக்க டிஷ் திருப்பியவர். அவரிடம் ஒரு சேனல் வரப்போகிறது என்று சொன்னால் வேறு என்ன செய்வார்? மறுநாளே டிஷ்ஷில் நான் காயப்போட்டிருந்த புளியை வாரிக் கீழே கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷமாகப் புளி காய்ந்ததில் உள்பக்கமெல்லாம் அரித்துப் போயிருக்கிறது. அதில் காக்காய் நிழல்கூட விழாது, சேனல் எங்கே விழும்.

உனக்கு அந்தச் சேனல்மேல் ஏன் அவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. விளம்பரமே இல்லாத சினிமா, மாதாமாதம் பணம் கட்டிக் கார்டு போட்டால்தான் தெரியும். மலையில் அந்தக் கார்டு போடுகிற பெட்டி நம் வீட்டில் மட்டும்தான் இருந்தது. ஒரே பெட்டி, அதிலிருந்து மரத்துக்கு மரம் ஒயர் கட்டி எல்லா வீட்டுக்கும் போகும், ஆகவே நம் வீட்டில் என்ன ஓடுகிறதோ அதுதான் ஊருக்கே ஓடும். நீ ரிமோட்டைத் தொட்டால் ஊர் முழுக்கப் படம் மாறும். பாவாடையைச் செருகிக்கொண்டு பாறைமேல் ஏறி இன்றைக்கு இந்தப் படம் என்று நீ கத்துவாய், பெரிய ஆட்களெல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். உனக்கு அது ராணி வாழ்க்கை. எனக்கு அது அடிப்பிடித்த சோறு, வேறென்ன. விளம்பரம் இல்லாததால் எழுந்துபோக இடைவெளியே கிடையாது, ஊர்ப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து உன் அப்பாவிடம் சண்டை போட்டதில்தான் இடைவேளை விடுகிற வழக்கம் வந்தது. படத்தின் நடுவில் அவராகவே கொஞ்ச நேரம் செய்தி சேனலுக்கு மாற்றிவிடுவார். ஆண்கள் பீடி பிடிப்பார்கள், நாங்கள் உலையை இறக்கி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஓடி வருவோம். அங்கே படம் நமக்காக நிற்குமா, அது பாட்டுக்குப் போயிருக்கும். அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு எந்தப் படமும் நடுவில் ஒரு ஓட்டையோடுதான் தெரியும். அந்த லாரி டிரைவர் படத்தில் கதாநாயகன் பின்பாதி முழுக்க ஏன் நொண்டுகிறான் என்று எத்தனை வருஷம் அடித்துக்கொண்டார்கள். மாடு முட்டியது என்று ரங்கன் சொல்வார், பாம்பு கடித்தது என்று பச்சையம்மா சத்தியமே செய்வாள். போன மாதம் நீ அந்தப் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, ஓடுகிற லாரியிலிருந்து ஆட்டுக்குட்டிக்காகக் குதித்தான் என்று சொன்னபோது உன் அப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பச்சையம்மா காலமாகிவிட்டாள், போனில் சொல்ல முடியவில்லை. முன்பெல்லாம் ஊரில் சாவு விழுந்தால் அப்பா பெட்டியை அணைத்துவிடுவார், எல்லா வீட்டிலும் டிவி ஒரே நேரத்தில் இருண்டுபோகும், யாரு, யாரு என்று கேட்டுக்கொண்டு சனம் வெளியே வரும். காரியம் முடிந்தபிறகுதான் மறுபடி போடுவார். இப்போது வீட்டுக்கு வீடு சொந்தமாகக் குடை டிஷ் வைத்தாகிவிட்டது. பச்சையம்மாவைப் பாடையில் வைத்திருக்கிறோம், இரண்டு வீடு தள்ளி ஏதோ நாடகத்தில் மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். உன் அப்பா எழுந்து போய் அந்த வீட்டு வாசலில் நின்றார். அவர்களாக அணைக்கட்டும் என்று நின்றார். கவனிக்கவே இல்லை. திரும்பி வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார், "நான் போனா எவன் வூட்டு டிவியும் நிக்காது." 

ஆகவே உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் சொன்னாலும் ரங்கன் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. நீ கிளப்பிவிட்டதை நீயே அணைக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, அப்பா, அந்தச் சேனல் வராது, நான் தெரியாமல் சொல்லிவிட்டேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போ என்று கண்டிப்பாகச் சொல். கெஞ்சாதே, திட்டு. குழந்தைக்குச் சளி என்றாயே, ஏ.சி.யைக் குறைத்து வை, காதைச் சுற்றித் துணி கட்டு.

சனிக்கிழமை.

நேற்று இதோடு மடித்து வைத்திருந்தேன். மழையில் பாதைமேல் மரம் விழுந்து மணிவேல் கீழே போகவில்லை, கடிதம் என் கூடையிலேயே தங்கிவிட்டது. தங்கியது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இன்று காலை சாமைக் கஞ்சி எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனேன். டிஷ்ஷுக்குக் கீழே முட்டுக்கொடுத்த கல்லில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். எனக்கு ஒரு நிமிஷம் உயிரே போய்விட்டது. தொட்டதும் விழித்தார். அந்தப் பயத்தில் என் வாய் நிற்கவில்லை, நீ சொல்லவேண்டியதை நானே கொட்டிவிட்டேன். அந்தக் கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆயிற்று, சசி சொன்னது எவனோ ஆசைக்கு எழுதியது, எந்தக் காலத்திலும் அது வராது, வராத ஒன்றுக்காக நீ சாகிறாய் என்று கத்தினேன். அவர் கஞ்சியை வாங்கி ஒரு வாய் குடித்தார். அப்புறம் சொன்னார், "ஏண்டி, அந்தப் பொட்டிய மேய்ச்சவன் நானு. அது செத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியாதா?" பின்னே எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றேன். "பாப்பா இப்ப வாராவாரம் போன் பண்ணுதில்ல. முன்னெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகை தானே. அந்தப் பேச்சு கீற வரைக்கும் பண்ணும்" என்றார்.

நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் மறுநாளும் அதற்கு மறுநாளும் தலை தூக்க முடிவதில்லையாம், ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேச நினைத்தால் நாக்கு குழறுகிறதாம், குரலை வைத்து நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயமாம். அதனால்தான் நிறுத்தினாராம். சேனல் கதையை எனக்கும் மணிவேலுக்கும் சொல்ல ஒரு சாக்காக வைத்துக்கொண்டார். நானும் உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இருதயமும் பலவீனமாகிவிட்டது அம்மா, மெஷினில் போட்டாலும் கொஞ்ச நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்றார். நல்ல மனுஷன், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியும் தள்ளிப்போகட்டுமே என்றுதான் நான் ஜீப்பை வரச்சொல்லிக்கொண்டே இருந்தேன். தள்ளிப்போகிற நாளில் அவருக்கு என்ன இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. எனக்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும், என் யோசனை அதற்குமேல் போகவில்லை.

உனக்குப் பொங்கலுக்குத்தான் லீவு என்று தெரியும். கம்பெனிக்காரர்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. கேள். கொடுத்தால் ஓடி வா. அதுவரை தாங்குவாரா என்று மட்டும் என்னைக் கேட்காதே. நான் தினமும் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாறை ஏறும்போது அதைத்தான் என்னையே கேட்டுக்கொள்கிறேன், எனக்கு நல்ல பதிலே வருவதில்லை. நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். வேண்டாம், என் கோபமும் உனக்குத் தெரியட்டும் என்று விட்டுவைத்தேன். ஆனால் நேற்று கேட்டதைச் செய்யாதே. சேனல் வராது என்று சொல்லாதே, ஆஸ்பத்திரி பேச்சையும் எடுக்காதே. போகச் சொல்லி நீ திட்டினால் உனக்காகப் போய்விடுவார், போய்ப் படுத்துக் கிடப்பார். இன்னும் ஓட்டை அடைபடாத படங்கள் நிறைய இருக்கின்றன என்கிறார், எந்தெந்தப் படம் என்று மனசிலேயே வரிசை போட்டு வைத்திருக்கிறார். நீ பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மலைத்தாய் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது. வேளாவேளைக்குச் சாப்பிடு, முடி கொட்டுகிறது என்றாயே, முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதே. மறக்கக்கூடாத ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் கூப்பிடு, அதற்குமேல் பாறையில் சாய்ந்துதான் கிடக்கிறார், பேச முடிவதில்லை. இதையெல்லாம் உனக்கு எழுதக்கூடாது என்றுதான் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "தெரிஞ்சா பாப்பா போன்ல அழுவும். அழுதா இன்னாத்த பேசறது" என்றார். நான் எழுதிவிட்டேன். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், உன்னிடம்தானே சொல்ல முடியும். அதனால் அழவேண்டியதையெல்லாம் இன்றைக்கே அழுது முடித்துவிடு கண்ணு. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது அழு, தனியாக அழாதே. முகத்தைக் கழுவிக்கொண்டு அப்புறம் அப்பாவுக்கு போன் செய்.

உன் அம்மா,
இளவரசி.