ஒரு மூடி மருந்து

அன்புள்ள மச்சான்,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறும், ஒரு வரி கீழே சரியும். நான் எழுதப் படிக்கத் தொடங்கி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போதாததற்கு விரல்கள் வேறு இழுத்துப் பிடிக்கின்றன. ஆனாலும் இந்தக் கடிதத்தை வேறொருவர் கையால் எழுத வைக்க மனம் வரவில்லை.

காலையில் என் மகள், இங்கே கடலூர் மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். மூடியைத் திறந்ததும் ஆரஞ்சு மிட்டாய் வாசனை. நாக்கில் வைத்தால் உப்புக் கசப்பு. உனக்குக் கொடுத்தார்களே, அதே பொட்டாசியம் மருந்து. கால் வீக்கம் வடிய எனக்கும் இப்போது நீர் மாத்திரை. அது நீரோடு பொட்டாசியத்தையும் வெளியே தள்ளிவிடுகிறதாம். அதனால்தான் விரல் இழுக்கிறது.

பாட்டிலில் கடைக்காரப் பெண் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். எழுத்துக்கூட்டி நானே படித்தேன். ஒரு மூடி, சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து. படித்து முடித்ததும் வந்த சந்தோஷத்தில் உன்னைத்தான் தேடினேன். நம் இருவருக்குமே எழுத்து தெரியாத காலம் அது. என் தங்கச்சி உன் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்திருப்பாள். அந்த நூல்தான் நமக்கு அடையாளம்.

ஒரு நாள் உன் கரும்புக்குப் பெண்ணாடம் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. மறுநாள் லோடு ஏற்ற வேண்டும். உனக்கோ கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மூடியில் ஊற்றிய மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தாய்.

"கரும்புக் கொல்லைக்கு மூட்டை மூட்டையா பொட்டாஷ் உரம் கொட்டுறோம். எனக்கு மட்டும் ஒரு மூடியா? டாக்டரு ரொம்பதான் கை இறுக்கம் மச்சான்."

ஆலைக்குப் போகிற கரும்பில் முக்கால்வாசி பொட்டாஷ்தான் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். தங்கச்சி திட்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும், தண்ணீர்கூட கலக்காமல் பாதி பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாய். வெறும் வயிறு வேறு.

கொஞ்ச நேரத்தில் வயிறு எரிகிறதென்று சுருண்டாய். வாந்தி. பிறகு நெஞ்சு படபடக்கிறது என்றாய். வேன் பிடித்துச் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் தங்கச்சி உன் மார்பில் கை வைத்தபடியே வந்தாள். அங்கே நெஞ்சில் ஒயர் ஒட்டி, பெட்டியில் ஓடிய கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடு நேராகிவிடக் கூடாதே என்று நான் வேண்டாத சாமியில்லை.

கோடு சீரானதும் டாக்டரம்மா உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசினார். அதட்டவில்லை. கை கால் சதைக்கு வேண்டிய பொட்டாசியம்தான் இருதயத்துக்கும் வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் துடிப்பு தடுமாறும் என்றார். இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருப்பது சாப்பாட்டோடு மெல்ல ரத்தத்தில் சேரும். மருந்து அப்படியில்லை, ஒரேயடியாகப் போய் இறங்கும், வயிற்றையும் புண்ணாக்கும். மிச்சத்தை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது தளர்ந்திருந்தால் ரத்தத்திலேயே தங்கிவிடும். யாருடைய சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. அதனால்தான் இதைக் குறைந்த அளவாகவே கொடுக்கிறோம். ரத்தம் பார்த்துத்தான் கூட்டுவோம் என்றார்.

 பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"பொட்டாஷ வேர்ல குமிச்சா கரும்பு கருகிடும்னு எனக்குத் தெரியாதா மச்சான்? பிரிச்சுப் பிரிச்சுப் போட்டு, தண்ணி கட்டித்தான வளத்தேன். என் வவுறுன்னதும் மறந்துட்டேன்."

"கரும்புக்கு இருக்குற மரியாதை இவுரு வவுத்துக்கு இல்ல" என்றாள் தங்கச்சி. அப்போதுதான் அவள் அழுதாள்.

அதன் பிறகும் பல வருஷம் கரும்பு வெட்டினாய். நீ கண்ணை மூடியது இதனால் இல்லை, ஒரு காய்ச்சலில். இருதயம் கடைசிவரை உனக்கு ஒத்துழைத்தது.

இப்போது என் விஷயம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதியோர் வகுப்புக்குப் பரீட்சை. வாழ்க்கையில் முதல் பரீட்சை, மச்சான். பேரன் பேனா வாங்கித் தந்திருக்கிறான். பாதியில் விரல் இழுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயத்தில், ஒரு மூடி குடித்த கையோடு இரண்டாவது மூடியையும் ஊற்றிவிட்டேன். உன்னைப் போலவே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வேனில் உன் மார்பில் இருந்த தங்கச்சியின் கை நினைவுக்கு வந்தது. மூடியில் இருந்த மருந்தைச் சிந்தாமல் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றினேன்.

விரல் இன்னும் இழுக்கிறது. இந்தக் கடிதத்தையே நாலு முறை நிறுத்தி, விரலை நீவிவிட்டுத்தான் எழுதினேன். பரீட்சையிலும் அப்படியே எழுதுவேன். நேரம் போதாவிட்டால் தெரிந்தவரை எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். மறுநாள் ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சீட்டில் என்ன எண் இருக்கிறதென்று நானே படித்து, அடுத்த வாரம் முதலில் உனக்குத்தான் எழுதுவேன்.