அட்டையில் விழுந்த பச்சைக் கறை

வரதராஜன்பேட்டை,
மழை விட்ட செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஆனி ரோஸுக்கு,

அப்பா எழுதுவது. அடைக்கல மாதா தயவில் நானும் அம்மாவும் சுகம், வண்டியும் இப்போது சுகம். அயர்லாந்து மழையில் துணி காயாமல் நீ அவதிப்படுவதைத் தவிர உனக்கும் வேறு குறை இருக்காது என்று நம்புகிறேன். நான் குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டு விலகியதை நீ அறிவாய், அதில் யார் இருக்கிறார் என்பதையும் அறிவாய், அதனால் தாளில் எழுதுகிறேன். அம்மா படம் பிடித்து உனக்கு மட்டும் அனுப்புவாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து டாக்சிக்குச் சொல்லிவிட்டதாக நீ எழுதியிருந்ததைப் படித்தேன். “நீங்களும் வர வேணாம், சித்தப்பாவும் வர வேணாம், யாரும் சண்டை போட வேணாம்” என்ற வரியையும் படித்தேன். போன முறை நடந்ததை நீ மறக்கவில்லை என்றால் நான் மட்டும் எப்படி மறப்பேன்? பெற்ற தகப்பன் நான் இருக்க, உன் சித்தப்பன் பாக்கியராஜ் சொல்லாமல் கொள்ளாமல் தன் பெரிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, உன்னை முன்சீட்டில் ஏற்றி, என்னைப் பின்னால் உட்காரவைத்து, உன் பெரிய பெட்டியை என் மடியில் வைத்தான். ஊர் வந்து சேரும்வரை அந்தப் பெட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அன்று முதல் அவனோடு நான் பேசவில்லை.

டாக்சிக்கு நீ சொன்ன இன்னொரு காரணம் நம் மாருதியை நம்ப முடியாது என்பது. அதற்குச் சாட்சி சொன்னது யார் என்றும் எனக்குத் தெரியும், அம்மாதான். பெரம்பலூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம், சூடு காட்டும் முள் ஏறிச் சிவப்பைத் தொட்டது, முன்பக்கம் ஆவி கிளம்பியது. பக்கத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, “சார், பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள பொங்க வச்சிட்டீங்களே” என்றான். பட்டுப்புடவையோடு ரோட்டில் நின்ற அம்மா அவனோடு சேர்ந்து சிரித்தாள், அதையும் நான் மறக்கவில்லை. கல்யாணச் சாப்பாடு போயிற்று. மெக்கானிக் குழந்தைவேல் பார்த்துவிட்டு, “தண்ணி கொறையுது, ஆனா கீழ ஒரு சொட்டு இல்ல. ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார், இன்ஜினப் பிரிச்சிரலாம்” என்றார். நான் சம்மதிக்கவில்லை. கேஸ்கட் போயிருந்தால் தண்ணீர் இன்ஜினுக்குள் இறங்கிச் சைலன்சரில் வெண்புகையாக வர வேண்டும், ஆயில் மோர்போல வெளுக்க வேண்டும், இரண்டும் இல்லை. ஆகவே தண்ணீர் வெளியேதான் போகிறது, சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் கசிந்து, சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது என்றேன். “இயற்பியல் வாத்தியார்கிட்ட வாயக் குடுக்க முடியுமா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கசிவைக் கண்ணால் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தேன். முந்தின வாரம் சனிக்கிழமை சாயங்காலம் வண்டி ஆறியிருந்தபோது ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, அம்மா வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாக ஊற்றினேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் வாசலில் பெரிய அட்டை ஒன்றை விரித்து, வண்டியின் மூக்கை அதன் மேல் நிறுத்தி, ஃபேன் சுற்றும்வரை இன்ஜினை ஓடவிட்டு அணைத்துவிட்டு உள்ளே போனேன். பங்குச் சாமியார் அன்றைய பிரசங்கத்தில் கோபத்தை மனதில் அடைகாப்பவர்களைப் பற்றி என் பக்கம் பார்த்தே பேசியிருந்தார், அந்த எரிச்சல் வேறு. அந்நேரம் பார்த்து உன் சித்தப்பன் கறி கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்க வந்தான். வந்தவன் தன் வண்டியை நம் வண்டிக்கு எதிரே மூக்கோடு மூக்கு முட்டுவதுபோல அதே அட்டையின் மேல் நிறுத்தினான். அவன் போனதும் வந்து பார்த்தால் அட்டையின் நடுவில் பச்சைக் கறை. நீலம் துளிகூட இல்லை. நம் வண்டியில் இருப்பது நீலம், அவன் வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் பச்சை. எனக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படி எழுதுவது! போனை எடுத்து நானே கூப்பிட்டேன். “தம்பி, உன் புது வண்டி ஒழுகுதுடா. வழியில நின்னுரப் போவுது, பாத்துக்க” என்றேன். எவ்வளவு அன்பான குரலில் சொன்னேன் என்பதை அம்மாவிடம் கேட்டுக்கொள்.

பயந்தவன் மறுநாளே அரியலூருக்கு ஓட்டிப் போய் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடி முழுவதும் தேடச் சொல்லியிருக்கிறான். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து வாசலில் நின்று, “ஏண்ணே, என்னைய எதுக்கு அலைய வுட்டீங்க?” என்று கேட்டான். நான் அட்டையைக் காட்டினேன். அப்போது அம்மா மஞ்சள்தூள் டப்பாவோடு வெளியே வந்தாள். “நாந்தான் போட்டேங்க. நீங்க நீலத்த ஊத்திட்டு உள்ள போனதும் மூடியத் தெறந்து ஒரு கை மஞ்சத்தூள் போட்டேன். அது ஒழுகல அடைச்சுக்கும்னு தம்பிதான் சொன்னாரு” என்றாள். லாரிக்காரர்கள் வழியில் செய்கிற வைத்தியம் அது. ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, உள்ளே இருக்கிற நல்ல குழாய்களை அடைத்துவிடும். இதை நான் விளக்கத் தொடங்குவதற்குள் உன் சித்தப்பன், “நீலத்துல மஞ்சளப் போட்டா பச்சை வரும்னு ஒண்ணாவதுலயே சொல்லிக்குடுத்துருவாங்கண்ணே, நீங்க எம்.ஃபில்.ல படிக்கலாம்னு வுட்டுட்டீங்களா?” என்றான். அம்மா அடக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நான் சிரித்ததாக அவர்கள் உனக்குச் சொல்லியிருப்பார்கள். நம்பாதே, எனக்கு இருமல். சிரித்து ஓய்ந்த பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வண்டி சரியாவலன்னா புள்ளய அழைக்க நீங்க போவ மாட்டீங்க, இவரு போனாலும் வுட மாட்டீங்க. அவ தனியா டாக்சில வந்து எறங்கறத என்னால பாக்க முடியாதுங்க” என்றாள். பாக்கியராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பானெட்டைத் திறந்தான்.

பச்சை நிறமே ஒழுகலைக் காட்டிக்கொடுத்தது. ரேடியேட்டரின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் ஒரு பச்சைக் கோடு ஓடியிருந்தது. என் கணக்கு சரி, கேஸ்கட் இல்லை. இதைக் குழந்தைவேலிடம் இரண்டு முறை சொன்னேன். ஒட்டுப்போட்டால் நிற்காது என்று புதிய ரேடியேட்டரே வாங்கி, நேற்று வாசலிலேயே மாற்றினோம். தண்ணீரை வடித்து, ஃபேனைக் கழற்றி, ஹோஸைப் பிடுங்கப் பார்த்தால் அது வரவே இல்லை, “உங்களப் போலவே பிடிவாதம்ணே” என்றான் உன் சித்தப்பன். கடைசியில் அறுத்தெடுத்துப் புது ஹோஸ் போட்டோம். பழைய ரேடியேட்டருக்குள் மஞ்சள் சேறும், கெட்டிலில் படிகிற மாதிரி வெள்ளைச் சுண்ணாம்பும் அப்பியிருந்தன. நம் ஊர் போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றியது யார் என்று அம்மா கேட்டாள், அந்த நேரம் பார்த்து எனக்கு ஸ்பேனரைத் தேட வேண்டியிருந்தது. புதியதை இறக்கி இறுக்கி முடித்த பிறகு பார்த்தால், அடியில் வைக்க வேண்டிய ரப்பர்கள் சித்தப்பன் சட்டைப்பையில் இருந்தன. மறுபடி கழற்றினோம். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நீ வரும்போது சொல்லிக்காட்டுவேன். இனி டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் மட்டும்தான். மூடியைத் திறந்து வைத்து, உள்ளிருந்த காற்று குமிழியாக வெளியேறும்வரை ஓடவிட்டு மூடினோம்.

இன்று காலை சோதனை ஓட்டம். உன் பெட்டிகளுக்குப் பதிலாக இரண்டு அரிசி மூட்டை ஏற்றினோம். உன் இடத்தில் அம்மா உட்கார்ந்தாள். சின்ன வயதில் மீன்சுருட்டி தாண்டினாலே நீ வாந்தி எடுப்பாயே, அதையும் நடித்துக் காட்டட்டுமா என்றும் கேட்டாள். ஏசியைப் போட்டு, அரியலூர் லாரிகளுக்குப் பின்னால் வேண்டுமென்றே ஊர்ந்து, பெரம்பலூர் வழியாகப் பாடாலூர்வரை போய் டீ குடித்துத் திரும்பினோம். முள் பாதியைத் தாண்டவே இல்லை. பின்சீட்டில் வந்த பாக்கியராஜ்தான் வழி முழுவதும், “முள்ளப் பாருங்கண்ணே” என்று உயிரை வாங்கினான்.

ஆகவே மகளே, டாக்சி வேண்டாமென்று சொல்லிவிடு. கம்பளிச் சட்டையைக் கைப்பையில் வை, விமானத்தில் வெறும் வயிற்றோடு வராதே, பெட்டியின் எடையைப் பார்த்துக் கட்டு. மாதா உன்னை வழி நடத்துவாள், அம்மாவின் முத்தங்களும் என் ஆசீரும் உனக்கு எப்போதும் உண்டு. வெளியே வரும்போது எங்கள் மூன்று பேரையும் தேடு. அவனும் வருகிறான், நான்தான் கூப்பிட்டேன். ஆனால் நீ முன்சீட்டில், அவன் பின்சீட்டில். உன் பெரிய பெட்டி அவன் மடியில்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆண்ட்ரூஸ்