ஜன்னல் சீட்டும் கோணல் போர்வையும்

என் செல்ல எஸ்தர் அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. கிறிஸ்துமஸுக்கென்று நீ ஆரம்பித்த பட்டைப் போர்வை முடிந்துவிட்டது. கெட்ட செய்தி, அது கோணல். திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடு, மிச்சத்தை நிம்மதியாக எழுதுகிறேன்.

ஆவணியில் நீ போனபோது அது பாதியில் நின்றிருந்தது. சிவப்பு, வெள்ளை, பச்சை என்று இரண்டிரண்டு வரிசை. மீஞ்சூரில் கம்பெனி பஸ் ஏறினால் கும்மிடிப்பூண்டியில் இறங்கும்வரை ஜன்னல் சீட்டில் உன் குரோஷா ஊசி ஓயாது. "நம்ம ஊரு வெயிலுக்கு உல்லன் போர்வை யாருக்குக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மன்சாளுக்கு இல்லடி, சேருக்கு. கேரல் பாட வர்றப்போ கிறிஸ்துமஸ் தாத்தா வெறும் பிளாஸ்டிக் சேர்லயா குந்துவாரு?" என்றாய். ஒரு நாற்காலிக்கு அவ்வளவு பெரிய போர்வை பின்னத் துணிந்தவள் நீ ஒருத்திதான்.

உன் மகள் ஜாய் அதைப் பையோடு என்னிடம் கொடுத்தாள். உன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து பார்த்த பார்வைதான் எனக்குத் தெரிந்த வித்தை. ஒவ்வொரு வரிசையிலும் கடைசிக் கண்ணியை விட்டுக்கொண்டே போயிருக்கிறேன். போர்வை ஒடுங்கிக்கொண்டே வந்தது. ஷிஃப்ட் முழுக்க கேஜ் வைத்து அளவு பார்க்கிற குவாலிட்டிக்காரி, இதற்கு ஒரு நாளாவது டேப் பிடித்தேனா? ஊருக்குத்தான் உபதேசம்.

பிரித்துவிடலாம் என்று நூலை இழுத்தேன். சரசரவென்று வந்தது. என் தொளதொளப் பின்னல் முடிந்து உன் இறுக்கமான வரிசை தொடங்கும் இடம் நெருங்கியதும் இழுப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு இழுப்பு கூடினால் நீ பின்னியதும் போய்விடும். அழுகை வந்துவிட்டது, அக்கா. அப்புறம் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, பிரித்ததைத் திரும்பப் பின்னினேன். மறுபடியும் கோணல்தான், அப்படியே முடித்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் போர்வையோடு உன் வீட்டுக்குப் போனால் வாசலில் நட்சத்திரம் இல்லை.

"இந்த வருஷம் ஊட்ல பண்டிகை இல்ல, கலா. கேரல்காரங்களையும் வர வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் மாமா. ஜாய் உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா இருந்தா இத்த ஒத்துக்குமா மாமா? எல்லாத்தயும் மூட்டகட்டிப் பரண்ல போட்டா அக்கா திரும்பி வந்துடுமா?"

மாமா உன் வீட்டுக்காரர் மட்டுமா, எங்கள் பஸ் டிரைவரும்தானே. நிதானமாகச் சொன்னார்: "நீ மட்டும் இன்னாவாம்? தெனம் அவ சீட்ல பைய வெச்சினு வர. நின்னுக்கினு வர்றவங்களக்கூட குந்த வுட மாட்டேன்ற. கண்ணாடில பாத்துக்கினுதான இருக்கேன்."

யாரும் கவனிக்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தேன்?

போர்வையை எடுத்து விரித்தேன். மாமா தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். "எஸ்தரு பாத்தா நேரா ரிஜெக்ட் டப்பாலதான் போடுவா" என்றார். எட்டிப் பார்த்த ஜாய்தான் முதலில் சிரித்தாள். பிறகு மூன்று பேரும் சிரித்தோம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரி, நீ பைய எடு. நான் ஸ்டாரக் கட்றேன்" என்று ஏணியைத் தேடிப் போனார் மாமா. கேரல்காரர்களுக்கு ஜாய் போன் போட்டாள்.

சாயங்காலமே வந்துவிட்டார்கள். ஒடுங்கிய பக்கம் நாற்காலியின் முதுகுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. தாத்தா உட்கார்ந்தது உன் வரிசைகளின் மேல். என் லட்சணம் அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. மாமா பாடினார். வழக்கம்போல் சுருதி சேரவில்லை.

இன்று காலை பொன்னேரியில் கேன்டீன் சரோஜா ஏறினாள். பையைத் தூக்கக் கை வரவில்லை. ஒருவழியாகத் தூக்கி மடியில் வைத்து, "உள்ள போய் குந்துக்கா" என்றேன். கவரைப்பேட்டை வருவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை. நிமிர்ந்தால் கண்ணாடியில் மாமா. எதிரில் ஒரு வண்டியும் இல்லை, ஆனாலும் ஒரு ஹாரன் அடித்தார்.

ஒவ்வொரு டிசம்பரிலும் உன் பக்கத்தை முன்னால் விட்டுத்தான் அந்த நாற்காலியில் விரிப்பேன், அக்கா. ஜன்னல் சீட்டில் இனி யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய், எனக்குத் தெரியும். என் பை இனி என் மடியில்தான்.

உன் பக்கத்துச் சீட்டுத் தங்கச்சி,
கலா