பிரேக்கில் விட்ட விளக்கெண்ணெய்

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளை தன் மோட்டார் சைக்கிளை வாசலில் உருட்டிப் பார்த்தார். பின்சக்கரம் கீச்சென்று கத்தியது. “அத்தே, பிரேக்கு கத்துது. கொஞ்சம் வெளக்கெண்ணெ கொண்டாங்க” என்றார். என் கையிலிருந்த முறம் நழுவிக் கீழே விழுந்தது. பத்து வருடம் ஆன பிறகும் அந்தச் சத்தத்தையும் அந்த எண்ணெயையும் சேர்த்துக் கேட்டால் எனக்கு அந்த ஒரு நாள் திரும்ப வந்துவிடுகிறது. ஏன் என்று நேற்றுவரை உங்களுக்கும் ஜீப்புக்கார அண்ணனுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

இன்று விடிந்ததும் அவரும் நம் மகளும் அந்த வண்டியில் போடிமெட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். வெயில் ஏறிவிட்டது. உலை வைக்க மனமில்லாமல் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோருக்கு நீங்கள் பொறுப்பான வருடம் உங்கள் பழைய மோட்டார் சைக்கிள் நம் வீட்டுக்கு வந்தது. மலைக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் நீங்கள் செய்யும் சோடனையைப் பார்க்கத் தெருவே கூடும். டயரை அழுத்திப் பார்ப்பீர்கள். சங்கிலியை இழுத்துப் பார்ப்பீர்கள். கிளச்சு வயர் அறுந்தால் மாட்டுவதற்கென்று இன்னொரு வயரைக் கூடவே ஒட்டிக் கட்டி வைப்பீர்கள். குளிருக்குச் சட்டைக்குள் செருகிக்கொள்ளப் பழைய பேப்பரை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பீர்கள். “மலைக்குப் போறீகளா, பொண்ணு பாக்கப் போறீகளா?” என்று நான் கேலி செய்வேன். “மேல போயித் தேடுனா ஒண்ணும் கெடைக்காது புள்ள” என்பதோடு உங்கள் பேச்சு முடிந்துவிடும்.

உங்களுக்குப் பயமே கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வீட்டில் பயப்படுகிற வேலை எனக்கு மட்டும்தான் என்று அவ்வப்போது எரிச்சலும் வரும். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி அந்தப் பாதையை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் உங்கள் வண்டி தெருமுனையில் திரும்பும்போது அந்தப் பிரேக்கு கத்துகிற கத்தல் வீட்டுக்குள் வரை கேட்கும். ஏதோ ஒன்று உடையப்போகிறது என்றே தோன்றும்.

நான் சிலமலைக் கிராமத்துச் சம்சாரி வீட்டுப் பெண், உழவும் மாடும்தான் பிழைப்பு. எங்கள் வீட்டில் வண்டிச் சக்கரம் கத்தினால் மாடு பூட்டுவதற்கு முன்னால் எண்ணெய் விடுவார்கள். அதைத்தான் நானும் செய்தேன். ஒரு நாள், மேலே போய்விட்டுச் சாயங்காலமே திரும்புவதாகச் சொல்லிவிட்டு நீங்கள் குளிக்கப் போனீர்கள். முந்தின நாளே எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தீர்கள். அடுப்படியிலிருந்து விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து, பின்சக்கரத்து நடுவில் இருக்கும் டப்பாவின் இடுக்கில் தாராளமாக விட்டேன். நீங்கள் தெருமுனையில் திரும்பியபோது சத்தமே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஜீப்புக்கார அண்ணன் சாப்பிட வந்தார். தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிறவர். அவரிடம் பெருமையடித்தேன். பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அப்படியே நிமிர்ந்தார்.

“ஏந்தாயி, எங்குன விட்ட?”

இடத்தைச் சொன்னேன்.

“மாட்டு வண்டின்னா கயித்த இழுத்தா மாடு நின்னுரும். இது அந்த டப்பாவுக்குள்ள பிரேக்குக் கட்ட உரசுனாத்தான நிக்கும். ஏறையில தெரியாது தாயி. எறங்கையில மிதிச்சா வழுக்குமே.”

கையைக் கழுவிவிட்டு ஜீப்பை எடுத்தார். செருப்புக்கூடப் போடாமல் நானும் ஏறிக்கொண்டேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அந்தப் பாதையை நான் அப்படித்தான் முதல்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பு ஒதுங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மரங்களுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ கிடந்தது. உங்கள் சட்டை என்று நினைத்து அலறிவிட்டேன். அண்ணன் நிறுத்திப் பார்த்தார். பாறை.  மேலே போகப்போக மூடுபனி. எதிரே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீங்களாக இருக்க வேண்டும் என்றும், நீங்களாக இருக்கக்கூடாது என்றும் வேண்டினேன்.

மலையுச்சியில் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் டீக்கடை ஓரமாக நீங்கள் குந்தியிருந்தீர்கள். பின்சக்கரம் கழற்றிக் கிடந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் பிரேக்குக் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஜீப்பிலிருந்து இறங்கினேன். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் துணியை மோந்து பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

“என்ன புள்ள, பிரேக்குல நம்ம அடுப்படி வாசம் அடிக்குது.”

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எப்படிங்க தெரிஞ்சுச்சு?”

“எறங்குறதுக்கு முன்னாடி இந்த மேட்டுல ஒருக்கா மிதிச்சுப் பாப்பேன். என்னைக்கும் பாப்பேன்.” கொஞ்ச நேரம் கட்டையையே துடைத்தீர்கள். “எனக்குப் பயம் புள்ள. எம்புட்டுத் தடவ வந்தாலும் இந்த எறக்கத்தப் பாத்தா கை நடுங்கும். ஒங்கிட்டச் சொன்னா நீ போக விடமாட்ட.”

அப்போதுதான் உங்கள் கையைப் பார்த்தேன். குளிரில் நடுங்குகிறது என்று நினைத்திருந்தேன். அந்தச் சாயங்காலங்களில் நான் கேலி செய்ததெல்லாம் இந்தக் கையைத்தான் என்று தெரிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

கட்டையை உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டி, அந்த மேட்டிலேயே நாலு தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் முன்னால் இறங்கினீர்கள். உருட்டுகிற வேகம்தான். நாங்கள் பின்னால் வந்தோம். வளைவுக்கு வளைவு பிரேக்கு பிடித்துக் கத்தியது. ஒரு வளைவில் கத்தல் கொஞ்சம் தாமதமாக வந்தது. அது வரும்வரை நான் மூச்சு விடவில்லை.

மலை உங்களை ஒன்றும் செய்யவில்லை. ஏழெட்டு வருடம் கழித்து, வீட்டுக் கட்டிலிலேயே, மூன்று நாள் காய்ச்சலில் போனீர்கள். அந்தப் பயணத்துக்கு மட்டும் எதையும் சரிபார்க்காமல் கிளம்பிவிட்டீர்கள்.

இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்ததை நேற்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். நம் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பாவக் கொல்லப் பாத்தியாம்மா?” என்றாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரத்தைக் கழற்றித் தூசியை மட்டும் துடைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொன்னேன். துடைத்த பிறகும் கொஞ்சம் கத்தியது. காலையில் இரண்டு பேருக்கும் சட்டைக்குள் பேப்பரை நானே செருகிவிட்டேன். இறங்கும் முன்னால் மேட்டில் நிறுத்தி மிதித்துப் பார்க்கச் சொன்னேன். “சரி அத்தே” என்றார். காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. எண்ணெய்ப் பாட்டிலை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் சட்டை, கடிகாரம் எல்லாவற்றையும் யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. அந்தப் பயத்தை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. செக்போஸ்டில் பாதியைக் கொடுத்தீர்கள். இப்போது முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது. இந்நேரம் அவர்கள் மேட்டில் நின்றிருப்பார்கள். நான் தெருமுனையைப் பார்த்துக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கத்திக்கொண்டே வரட்டும்.